செண்பகாதேவி சந்நிதிக்கு ஒரு காட்டுவழி

குற்றாலத்தில் நீராடாத குடும்பம் தென்பாண்டி நாட்டில் அரிது. ஆனால் பேரருவியில் தலை நனைத்து, குற்றாலநாதரைத் தொழுது, கடைவீதியில் நேந்திரங்காய் வறுவல் வாங்கிக்கொண்டு பேருந்தேறுவோரில் பெரும்பாலோர், தாம் நீராடிய நீர் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். கீழே நின்று அண்ணாந்து நோக்கினால் பாறையின் விளிம்பும் அதன்மேல் கவிந்த மேகமுமே கண்ணுக்குத் தெரியும். அந்த விளிம்புக்கு அப்பாலும் அதே சிற்றாறு பாறைக்குப் பாறை தாவி அருவிகளாக விழுந்துகொண்டுதான் வருகிறது. பேரருவியை அடுத்து மேலே சிற்றருவி. அதற்கும் மேலே காட்டுக்குள் சுமார் 2 கிலோமீட்டர் நடந்தால் செண்பகாதேவி அருவி. அதனினும் உயரத்தில், பாறை முகடுகளில் தேனடைகள் தொங்கும் தேனருவி. ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் காரிலேயே போய் இறங்கிவிடலாம். செண்பகாதேவிக்குக் கால்களை நம்பித்தான் போக வேண்டும்.

அந்த அருவியின் கரையில் செண்பகாதேவி அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். செண்பக மரங்கள் நிறைந்த சாரலில் எழுந்தருளியமையால் அம்மனுக்கும் அருவிக்கும் அப்பெயர். அவளுக்கு உரிய பெருநாள் சித்ரா பௌர்ணமி. காடு காப்புக்காடு ஆகையால், நினைத்த நாளில் நினைத்த நேரத்தில் ஏறிவிட இயலாது. வனத்துறை அனுமதிக்கும் நாளில், அனுமதிக்கும் நேரத்துக்குள் ஏறி இறங்க வேண்டும்.

அத்தகைய ஒரு சித்ரா பௌர்ணமியன்று, பொழுது புலர்வதற்கு முன்பே, குற்றாலநாதர் கோயில் வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. எழுபதைக் கடந்த ஆச்சி ஒருவர், அவருடைய மகன், மருமகள், பன்னிரண்டு வயதுப் பேரன். பேரனின் தோளில் புளியோதரைத் தூக்குவாளி. மருமகளின் கூடையில் அம்மனுக்கு மஞ்சள், குங்குமம், செவ்வரளி மாலை. ஆச்சியின் கையில் மட்டும் ஒரு சிறிய பித்தளைச் செம்பு இருந்தது. வாங்கிக்கொள்ள மருமகள் இருமுறை கை நீட்டியும் அவர் கொடுக்கவில்லை.

அந்தச் செம்புக்கு ஒரு காரணம் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன், மணமான புதிதில், கணவரோடும் மாமனார் மாமியாரோடும் ஆச்சி இதே வழியில் தேனருவி வரை ஏறியிருந்தார். அன்றைக்குக் கணவர் அந்த அருவியின் நீரை இதே செம்பில் முகந்துவந்து குழல்வாய்மொழியம்மை சந்நிதியில் வைத்து வணங்கினாராம். இன்னொரு முறை போக வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், வீட்டுக் கடன் என்று ஆண்டுகள் கடந்தன. சென்ற ஆண்டு அவரும் காலமானார். தலைத்திவசம் முடிந்த கையோடு, அவர் விட்டுச்சென்றதைத் தாம் செய்து முடிப்பதென்று ஆச்சி உறுதி பூண்டார். முழங்கால் வலியைக் காட்டி மகன் தடுத்துப் பார்த்தார். "முழங்கால் எனக்குத்தானே வலிக்கும்" என்று ஆச்சி சொல்லிவிட்டார்.

மலையேறுமுன் குற்றாலநாதரை வணங்குவதே முறை. சங்கு வடிவில் அமைந்த கோயில் இது. கயிலையில் நிகழ்ந்த திருமணத்தின்போது வடக்கு தாழ்ந்து தெற்கு உயர, சமன் செய்ய அனுப்பப்பட்ட அகத்தியர் இங்கு வந்த காலத்தில் இது திருமால் கோயிலாக இருந்ததென்றும், சிவனடியாரான அவருக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை என்றும், இலஞ்சிக் குமரனை வேண்டிப் பின்னர் வைணவக் கோலத்தில் உள்ளே நுழைந்து, திருமாலின் திருமுடியில் கை வைத்து அழுத்தி, "குறுகுக" என்று சொல்ல, நெடிய திருமேனி சிவலிங்கமாகக் குறுகியதென்றும் தலபுராணம் கூறும். முனிவரின் கை அழுத்தத்தால் இறைவனுக்குத் தலை வலிக்குமே என்று கவலைப்பட்ட பக்தர்களின் அன்பும் அழகானது. மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தால் இன்றும் இறைவனுக்கு அபிஷேகம் நடைபெறுகிறது. அந்தத் தைலத்தைத் தலைவலிக்கு மருந்தாக வாங்கிச் செல்வோர் பலர். இறைவனுக்கே வலி தீர்க்க நினைக்கும் உரிமை நம்மவர்க்கு மட்டுமே உண்டு போலும்.

நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் சித்திர சபை இத்தலத்தில் உள்ளது. தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம் என்று கூத்தனுக்குச் சபைகள் அமைய, இங்கு மட்டும் அவன் சுவரில் ஓவியமாக ஆடுகிறான். திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு இரண்டு பதிகங்கள் அருளியிருக்கிறார். ஒன்று தலத்துக்கு. மற்றொன்று தலமரமான குறும்பலாவுக்கு. மரத்தையே முன்வைத்து ஒரு முழுப் பதிகம் பாடியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்பதிகங்களைப் படிப்போர், இறைவனின் பெருமைக்கு இணையாகச் சாரலும் சோலையும் வண்டும் பூவும் வந்துகொண்டே இருப்பதைக் காணலாம். திரிகூட ராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியிலும் மலைவளத்தை எடுத்துச் சொல்ல ஒரு குறத்தியே வருகிறாள். இங்கே மலை வேறு, கோயில் வேறு என்று பெரியவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

ஏறுமுகத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதித்தார்கள். நெகிழிப் பைகளும் நெகிழிப் புட்டிகளும் அங்கேயே நின்றுவிட்டன. தீப்பெட்டி வைத்திருந்த ஒருவரிடமிருந்து அதுவும் வாங்கப்பட்டது. ஏறுகிறவர்களை ஒருவர் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இறங்கும்போதும் எண்ணுவார்களாம். சித்ரா பௌர்ணமி சித்திரகுப்தனுக்கும் உரிய நாள். வரவும் செலவும் சரிபார்க்கும் அந்த வேலை மலையடிவாரத்திலும் அன்று தொடங்கிவிட்டது. கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மாலையில் ஓர் எண்ணிக்கை குறைந்தால் காட்டுக்குள் ஓர் உயிர் தங்கிவிட்டது என்று பொருள்.

பாதை சில இடங்களில் படிகளாகவும், பெரும்பாலும் கல்லும் வேரும் கலந்த ஏற்றமாகவும் போகிறது. ஆற்றின் ஓசை சில இடங்களில் காதருகே வந்து, திருப்பத்தில் விலகி, மீண்டும் வரும். கடைவீதியின் ஒலிபெருக்கி முதல் அரைமணி நேரத்தில் தேய்ந்து மறைகிறது. பிறகு கேட்பது இலையசைவும் பறவைக் குரலுமே. தலைக்கு மேலே மரக்கிளையில் செந்நிற முதுகும் நீண்ட வாலுமாக மலையணில் ஒன்று தாவியது. நகரத்து அணிலை மட்டுமே கண்டிருந்த பேரன், அதைக் கீரிப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டான். கருங்குரங்குகளும் சிங்கவால் குரங்குகளும் இம்மலைத்தொடரில் உண்டு. இருவாச்சிப் பறவைகளும் உண்டு. அவை கனிகளை விழுங்கி விதைகளைத் தொலைவில் உமிழ்வதனால்தான் பெருமரங்கள் பல காட்டில் பரவுகின்றன. கால்களில் ஏறும் அட்டைகளும் இந்தக் காட்டின் குடிமக்களே. மழை நாளில் அவை மிகும். அஞ்ச வேண்டியதில்லை, பிடுங்கி எறிய வேண்டியதுமில்லை. சற்று உப்புத் தடவினால் தாமே விழுந்துவிடும்.

ஆச்சி இருபது அடிக்கு ஒருமுறை நின்றார். நின்ற இடத்திலெல்லாம் ஏதேனும் ஒன்றைக் காட்டி, "இங்க ஒரு பெரிய மரம் நின்னுது", "இந்தப் பாறையிலதான் ஒங்க தாத்தா உக்காந்து சுண்டல் தின்னாவ" என்று பேரனிடம் சொல்லிக்கொண்டே வந்தார். களைப்பை மறைக்கத்தான் சொல்கிறார் என்பது மகனுக்குப் புரிந்தது. அவரும் அதே அளவு நின்றார்.

குற்றாலத்துக்கு மட்டும் ஏன் இப்படிச் சாரல் என்ற கேள்வி எல்லோருக்கும் எழுவதுதான். சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. மேற்குத்தொடர்ச்சி மலை ஒரு மதிலாக நின்று அதைத் தடுக்க, மழையின் பெரும்பகுதி கேரளப் பக்கத்திலேயே பெய்து தீர்கிறது. ஆனால் செங்கோட்டைக்கு அருகே, ஆரியங்காவில், அந்த மதிலில் ஒரு வாசல் இருக்கிறது. மலைத்தொடர் தாழ்ந்து கணவாயாகும் அவ்விடத்தின் வழியே காற்றும் மேகமும் இப்பக்கம் நுழைந்து, திரிகூட மலையின் மீது தூறலாக உதிர்கின்றன. திருநெல்வேலி நகரத்தில் வெயில் கொளுத்தும் அதே நாளில் குற்றாலத்தில் குடை தேவைப்படுவது இதனால்தான்.

மழை பெய்வது மேகத்தின் வேலை. பெய்த மழை அன்றைக்கே ஓடித் தீராமல் பல மாதங்களுக்கு அருவியாக வடிவது காட்டின் வேலை. உதிர்ந்த இலைகள் மக்கி மண்ணின்மேல் மெத்தை போலக் கிடக்கின்றன. வேர்கள் மண்ணைப் பிடித்திருக்கின்றன. மழைநீர் அவற்றுக்குள் இறங்கித் தங்கி, பாறை இடுக்குகளில் கசிந்து, ஓடையாகச் சேர்ந்து வருகிறது. வங்கியில் பணம் போட்டு வைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலே உள்ள காடு வைப்புத்தொகை. நாம் தலையில் வாங்குவது அதன் வட்டி. இந்த வட்டியில் வாழ்பவர்கள் நீராட வருவோர் மட்டுமல்லர். சிற்றாறு தென்காசியைக் கடந்து வயல்களையும் குளங்களையும் நிரப்பிச் சென்று, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. முக்கூடல் என்று பள்ளு இலக்கியம் கொண்டாடிய இடம் அதுவே.

இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று, குடும்பத்தினர் செண்பகாதேவி சந்நிதியை அடைய. இளைஞர்கள் இதில் பாதி நேரத்தில் ஏறிவிடுவார்கள். திருப்பம் கடந்ததும் முதலில் ஈரக்காற்று முகத்தில் படிந்தது, அடுத்து ஓசை, அதன் பின்னரே அருவி கண்ணில் பட்டது. கோடை என்பதால் பெருக்கு இல்லை. ஆயினும் சில நாட்களுக்கு முன் பெய்த மழையால் பாறையை நனைத்துக்கொண்டு வெண்ணிறமாக விழுந்துகொண்டிருந்தது. கீழே தேங்கிய நீர் தெளிவாகத் தோன்றியது. தெளிவாக இருப்பதால் ஆழம் குறைவென்று நினைத்துவிடக் கூடாது. அந்தத் தடாகத்தில் இறங்க வேண்டாமென்று அங்கு நின்ற வனக்காவலர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயில் சிறியது. கோபுரமோ மண்டபங்களோ தேடி வருவோருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் அருவியின் ஓசை மேளமாகவும், மரங்களே பந்தலாகவும் அமைந்த சந்நிதி எத்தனை ஊர்களில் கிடைக்கும்? அன்று அம்மனுக்கு மஞ்சளும் பாலும் சந்தனமும் கொண்டு அபிஷேகம் தொடங்கியிருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அருகிலுள்ள மலைக்குகைகளில் சித்தர்கள் தவமிருந்தார்கள் என்று பெரியவர் ஒருவர் தம்மைச் சூழ்ந்திருந்த சிறுவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் கொண்டுவந்த செவ்வரளி மாலை அம்மன் தோளேறியது. ஆச்சி கண்களை மூடி நெடுநேரம் நின்றார்.

பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு, செம்பை எடுத்துக்கொண்டு, வனக்காவலரிடம் சென்றார்.

"தம்பி, தேனருவி வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்திரட்டுமா?"

"மேல விடுறதில்ல ஆச்சி. யாருக்குமே கெடையாது."

"அம்பது வருசத்துக்கு முன்னால நான் போன எடந்தான். பாதை எனக்குத் தெரியும்."

"பாதை ஒங்களுக்குத் தெரியும் ஆச்சி. யானைக்கு ஒங்களத் தெரியாதுல்லா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. செம்பின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். காவலர் பொறுமையாகக் கேட்டார். மகன் அருகே வந்து, தனியே அழைத்து, ஏதேனும் வழி உண்டா என்று மெல்லக் கேட்டதும், தாம் மட்டும் போய் எடுத்துவந்துவிடுவதாகச் சொன்னதும் பலிக்கவில்லை. வயதான தாயின் வேண்டுதலுக்குக் குறுக்கே ஒரு சட்டம் நிற்பது எந்த மகனுக்கும் எரிச்சலூட்டும். "கோயிலுக்குப் போறதுக்குக் கூடவா பெர்மிஷன்?" என்று கூட்டத்தில் ஒருவர் அவருக்குத் துணையாகக் குரல் கொடுத்தார். இக்கேள்வி பக்தர்களிடையே அடிக்கடி எழுகிறது. முழுவதும் புறந்தள்ளிவிடத் தக்கதும் அன்று. தலைமுறைகளாகச் சென்று வழிபட்ட இடத்துக்குத் தடை என்றால் மனம் புண்படத்தான் செய்யும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. கீழே பேரருவிக் கரையில் ஒரு விடுமுறை நாளின் மாலையில் நின்று பார்ப்போர் அதை உணர்வார்கள். கழற்றி விட்ட துணிகள், சீயக்காய் உறைகள், உணவுப் பொட்டலங்கள். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தக் கூடாதென்று நீதிமன்றம் வரை சென்று தடை வாங்க வேண்டியதாயிற்று. நீராடுவதற்கே இத்தனை என்றால், வழி முழுவதும் திறந்துவிட்டால் தேனருவியின் நிலை என்னவாகும்? சென்ற தலைமுறையில் ஏறியவர்கள் சிலர். கையில் செம்பும் துண்டும் கொண்டு போனார்கள். இன்று ஏறக் காத்திருப்போர் ஆயிரக்கணக்கில். அந்தத் தம்பதியர் கண்ட தேனருவி இன்றும் தேனருவியாகவே இருக்கிறதென்றால், அதற்குப் பிறகு அங்கே போகாதிருந்தவர்களும் ஒரு காரணம்.

காவலர் இந்த வாதம் எதையும் செய்யவில்லை. அருவியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது என்ன தண்ணின்னு நெனைக்கிய? தேனருவியில விழுந்ததுதான் எறங்கி வந்து இங்க விழுது. நீங்க சிரமப்பட்டு மேல ஏற வேண்டாம்னு அதுவே வந்திருக்கு. கொடுங்க செம்ப" என்றார்.

ஆச்சி உடனே கொடுக்கவில்லை. அருவி தொடங்கும் பாறை உச்சியையும் அதற்கும் மேலே கறுத்துத் தெரிந்த காட்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வேண்டுதல் நீருக்கா, அந்த இடத்துக்கா என்பதை அவர்தாம் தீர்மானிக்க வேண்டியிருந்தது. காலையிலிருந்து எவரிடமும் கொடுக்காத செம்பைக் கடைசியில் நீட்டினார். பாறை வழுக்கும் என்பதால் காவலரே இறங்கி, விழும் நீரில் பிடித்து, நிரப்பி, இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார்.

நண்பகல் கடந்தது. புளியோதரை பகிர்ந்துண்ணப்பட்டது. வெயில் பாறைமேல் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் மலை உச்சிப் பக்கம் மேகம் திரண்டு கீழிறங்கியதைக் காவலர் கவனித்தார். ஊதலை எடுத்து ஊதினார். குறித்த நேரத்துக்கு இன்னும் பொழுது இருந்தது. இன்னொரு குடும்பத்தின் அர்ச்சனை முடியவில்லை. முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டி வாதாடினார்.

காவலர் பேரனை அழைத்து நீரைக் காட்டினார். காலையில் கண்ணாடி போலிருந்த நீர் சற்றே தேநீர் நிறமாகியிருந்தது. பச்சை இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வரத் தொடங்கியிருந்தன. "பழுத்த எல வந்தா அது தானா உதுந்தது. பச்சை எல வந்தா மேல மழை அடிக்குன்னு அர்த்தம்" என்றார். அவன் அதை மனத்தில் வாங்கிக்கொண்டான்.

நீராடச் செல்லும் குடும்பங்கள் அனைத்தும் அறிந்திருக்க வேண்டியது இது. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. செங்குத்தான பாறைச் சரிவில் இறங்கும் நீர், ஏற்கெனவே நனைந்த மண்ணில் உறிஞ்சப்படாமல், குறுகிய ஓடைகளில் ஒன்றுசேர்ந்து சில நிமிடங்களில் பெருக்கெடுக்கும். 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் அப்படித்தான் நேர்ந்தது. கோடை விடுமுறையில் வந்த கூட்டம் நீராடிக்கொண்டிருக்கையில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. மற்றவர்கள் அலறியடித்துக்கொண்டு கரையேற, 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். நிறம் மாறுவது, குப்பை வருவது, ஓசை கனப்பது ஆகிய மூன்றில் ஒன்று தென்பட்டாலும் பையைத் தேடாமல், படம் எடுக்காமல், கரையேறிவிட வேண்டும். காவலர் போகச் சொன்னால் காரணம் கேட்பதைக் கரையேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினமாக இருந்தது. முழங்கால் உள்ளவர்களுக்கு அது தெரியும். மகன் ஒருபுறமும் மருமகள் மறுபுறமும் தாங்க, ஆச்சி செம்பின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பக்கவாட்டாக ஒவ்வோர் அடியாக இறங்கினார். பாதித் தொலைவில் உச்சியிலிருந்து ஒரு நீண்ட உறுமல் கேட்டது. இடியா, நீரா என்று தெரியவில்லை. அடிவாரத்தில் குறிப்பேடு வைத்திருந்தவர் இறங்கியவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஆச்சியின் குடும்பத்தை நான்கு என்று குறித்துக்கொண்டு, இன்னும் பின்னால் எத்தனை பேர் என்று மகனிடம் கேட்டார்.

பேரருவியில் அபாய ஒலி அப்போதுதான் எழுந்தது. காவல்துறையினர் நீராடுவோரை வெளியேற்றினார்கள். ஆண்கள் பகுதியிலிருந்து சொட்டச் சொட்ட வந்த ஒருவர், தலையைத் துவட்டிக்கொண்டே, "வெயில் பளீர்னு அடிக்கி. தண்ணியும் கொஞ்சமாத்தான் விழுது. எதுக்கு வெரட்டுதாவ?" என்று பொதுவாகக் கேட்டார்.

"மேல மழை மாமா. பச்சை எல வருது பாருங்க" என்றான் பேரன்.

அவர் நம்பாமல் பார்த்தார். சிறிது நேரத்தில், பொங்குமாங்கடலில் விழுந்து எழுந்த நீர் பழுப்பு நிறத்தில் விரிந்து, பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டத் தொடங்கியது. அவர் நின்றிருந்த இடம் நுரைக்குள் மறைந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் சில அடிகள் பின்வாங்கி நின்றார்.

குற்றாலநாதர் கோயிலில் மாலை நடை திறந்திருந்தது. குழல்வாய்மொழியம்மை சந்நிதியில் அதிகக் கூட்டமில்லை. ஆச்சி செம்பை அர்ச்சகரிடம் நீட்டினார். வழியில் சிந்தியது போக முக்கால் செம்பு இருந்தது.

"எந்தத் தீர்த்தம் அம்மா?" என்று அர்ச்சகர் கேட்டார்.

மகன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆச்சி முந்திக்கொண்டார்.

"தேனருவி."